ஒரு பருவத்துக்கு ஒரு பாடம்: ஃபவுண்ட்ரி வேலையோடு படித்து முடித்த தரவு அறிவியல் பட்டம்

கோவை அரசூரை ஒட்டிய, ஃபவுண்ட்ரியும் (உலோக வார்ப்பாலை) கொண்ட ஒரு பம்பு தயாரிப்பு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, 2021 ஜனவரியில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் இணையவழி முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். பட்டத்தின் பெயர் அனலிட்டிக்ஸ் என்றிருந்தாலும் உள்ளே இருப்பது தரவு அறிவியல்தான்: புள்ளியியல், இயந்திரக் கற்றல், நிரலாக்கம், சிமுலேஷன், கொஞ்சம் வணிக மேலாண்மை. 2024 டிசம்பரில் முடித்தேன். இந்த நான்கு ஆண்டுகளில் வேலையை விடவில்லை, நீண்ட விடுப்பும் எடுக்கவில்லை. படிப்பு தொடங்கியபோது மகளுக்கு ஐந்து வயது. இதே நிலையில் இருக்கும் பலர், குறிப்பாகக் குடும்பப் பொறுப்புள்ள பெண்கள், இது நடக்கக்கூடிய காரியம்தானா என்று கேட்கிறார்கள். நடக்கும் என்பதே என் பதில். ஆனால் எந்த வேகத்தில் நடந்தது என்பதை விரிவாகச் சொன்னால்தான் அந்தப் பதிலுக்குப் பொருள் உண்டு.

2020 ஏப்ரலில் ஊரடங்கால் ஆலை பூட்டிக் கிடந்தபோதுதான் இந்த எண்ணம் வந்தது. தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டில் கசிவு கண்டு ஒதுக்கிய காஸ்டிங்குகளின் (உலோகத்தை உருக்கி மண் அச்சில் வார்த்த பாகங்களின்) பதிவேடுகள் எங்களிடம் ஆண்டுக்கணக்கில் இருந்தன. அவற்றை எக்ஸெலில் ஏற்றி, மாதச் சராசரி எடுத்து, வண்ண வரைபடம் போட்டு, மேலாளர்கள் கூட்டத்தில் காட்டுவதோடு எங்கள் பகுப்பாய்வு முடிந்துவிடும். இவ்வளவு எண்களை வைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்ற குறை எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. ஆகவே வேலை மாறுவதைவிட, பார்த்துக்கொண்டிருந்த வேலையை நன்றாகச் செய்வதே என் முதல் நோக்கமாக இருந்தது. இந்த நோக்கம்தான் கடைசிவரை என்னைப் படிப்பில் பிடித்து வைத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

பல இணையவழிப் படிப்புகளை ஒப்பிட்டபோது செலவே முதல் தடையாக நின்றது. 2017-இல் தொடங்கிய இந்தப் படிப்பின் மொத்தக் கட்டணம் பத்தாயிரம் டாலரை ஒட்டி இருந்ததும், நேரில் படிப்பவருக்கும் இணையத்தில் படிப்பவருக்கும் ஒரே பட்டம் என்பதும் என்னை இழுத்தன. மொத்தம் 36 கிரெடிட். மூன்று கிரெடிட் பாடங்கள் பத்து, ஆறு கிரெடிட் செயல்முறைத் திட்டம் ஒன்று. கட்டணத்தைப் பருவந்தோறும், எடுக்கும் பாடத்துக்கு ஏற்பச் செலுத்தலாம் என்பதால் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒன்றை நான் முன்கூட்டிக் கணக்கிடவில்லை: சேர்ந்தபோது 73 ரூபாய் அளவில் இருந்த டாலர், கடைசிக் கட்டணம் செலுத்தியபோது 84 ரூபாயை நெருங்கியிருந்தது. நான்கு ஆண்டு நீளும் படிப்புக்கு இன்றைய மாற்று விகிதத்தில் கணக்குப் போட்டால் பின்னால் கை கடிக்கும். மாதந்தோறும் ஒரு தொகையைத் தொடர் வைப்பில் போட்டு வந்ததால் சமாளித்தேன். வங்கியின் அனுப்புக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன் செய்தவற்றில் மிகவும் பயன்பட்டது கணக்கைத் தூசி தட்டியதுதான். பொறியியல் கல்லூரியில் அணிகளும் வகைக்கெழுவும் நிகழ்தகவும் படித்திருந்தேன். ஆனால் பத்தாண்டுக்கு மேல் அவற்றைத் தொடவே இல்லை. 2020 ஜூலை முதல் டிசம்பர் வரை, நாள்தோறும் ஒரு மணி நேரம், ஐ.ஐ.டி.கள் முதலியவை நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைப் பார்த்து, பழைய கல்லூரிப் புத்தகத்தின் கணக்குகளைக் கையால் போட்டேன். பைதான் நிரல்மொழியையும் அப்போதுதான் கற்றேன். இந்த ஆறு மாதம் இல்லாமல் நேராகச் சேர்ந்திருந்தால் இரண்டாவது பருவத்திலேயே நின்றிருப்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை. படிப்பைக் கைவிட்ட நண்பர்கள் மூவரை அறிவேன். மூவருக்கும் நிரல் எழுதுவது சிக்கலாக இருக்கவில்லை, நிகழ்தகவில்தான் தடுக்கி விழுந்தார்கள். சேரும் முன் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு, இதே பாடங்கள் சில எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற பெயரில் தனியாகவும் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்துப் பார்த்தால் தன் நிலை தனக்குத் தெரிந்துவிடும்.

முதல் பாடம் பேராசிரியர் ஜோயல் சொகோலின் அனலிட்டிக்ஸ் மாடலிங் அறிமுகம். புள்ளியியலுக்கான ஆர் என்ற நிரல்மொழியில் வாராந்தரப் பயிற்சி. எழுதிய விடைகளைச் சக மாணவர்கள் மதிப்பிடுவார்கள். எனவே நிரல் ஓடினால் மட்டும் போதாது. ஏன் இப்படிச் செய்தேன், முடிவின் பொருள் என்ன என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும். அந்த எழுத்துப் பயிற்சி அலுவலக அறிக்கைகளில் எனக்கு உதவிய அளவுக்கு வேறெதுவும் உதவவில்லை.

அதில் ஒரு வாரம் மாற்றத்தைக் கண்டறிதல் பற்றியது. அட்லாண்டாவின் இருபது ஆண்டு வெப்பநிலைப் பதிவுகளைக் கொடுத்து, கோடை எப்போது முடிகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதற்குரிய முறை கியூசம், 1954-இல் ஈ. எஸ். பேஜ் என்ற புள்ளியியலாளர் வெளியிட்டது. வெப்பநிலைக்காகச் சொல்லப்பட்ட அந்த முறை தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுக்காகவே பிறந்தது என்று அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. எங்கள் ஆலையில் ஷூவார்ட் கட்டுப்பாட்டு வரைபடம் மட்டுமே பயன்பட்டு வந்தது. அது ஒவ்வொரு நாளின் எண்ணையும் தனித்தனியாகப் பார்த்து, சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்தை (திட்ட விலக்கம் என்பது எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) தாண்டினால்தான் எச்சரிக்கும். ஒரேயடியாகப் பெரிதாகக் கெட்டால் காட்டிக்கொடுக்கும். சிறிது சிறிதாக, ஆனால் விடாமல் கெட்டுக்கொண்டே போனால் மௌனமாக இருந்துவிடும்.

கியூசம் செய்வது இதுதான். எங்கள் கசிவு சராசரி நூற்றுக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். இயல்பான ஏற்ற இறக்கத்துக்காக 0.5 தள்ளுபடி கொடுப்போம். முதல் நாள் 5.2 வந்தால், சராசரியும் தள்ளுபடியும் போக மிச்சம் 0.7. மறுநாள் 5.0 வந்தால் மிச்சம் 0.5, அதை நேற்றையதோடு கூட்டினால் 1.2. அடுத்த நாள் 4.9, கூட்டுத்தொகை 1.6. அதற்கடுத்த நாள் 5.3, கூட்டுத்தொகை 2.4. கூட்டுத்தொகை சுழிக்குக் கீழே போனால் சுழியென்றே வைத்துக்கொள்வோம். இந்த நான்கு எண்களில் ஒன்றுகூட ஷூவார்ட் வரைபடத்தின் மேல்கோட்டை நெருங்காது. கூட்டுத்தொகையோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய் நாம் குறித்த எல்லையைத் தொட்டுவிடும். தள்ளுபடியை மிகக் குறைத்தால் பொய் எச்சரிக்கை பெருகும்; மிகக் கூட்டினால் உண்மையான மாற்றமும் தாமதமாகவே தெரியும். தள்ளுபடியையும் எல்லையையும் பல மதிப்புகளில் வைத்துப் பார்ப்பதில்தான் பயிற்சியின் பெரும்பகுதி கழிந்தது.

பயிற்சியை அனுப்பிவிட்டு, அந்த வார ஞாயிற்றுக்கிழமையே, மேலாளரின் அனுமதியோடு எங்கள் கசிவுப் பதிவேட்டை அதே நிரலில் போட்டேன். கூட்டுத்தொகை 2020 நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத் தொடங்கியிருந்தது. கூட்டத்தில் அனைவரும் மழைதான் காரணம் என்றார்கள். அச்சு மண்ணில் ஈரம் கூடினால் காஸ்டிங்கில் வாயுக்குழிகள் விழும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் 2019 நவம்பரிலும் மழை பெய்திருந்தது, அந்த ஆண்டின் எண்களில் எந்த ஏற்றமும் இல்லை. விடை, மண் அச்சு தயாரிக்கும் மோல்டிங் பிரிவின் மேஸ்திரியிடம் கிடைத்தது. தேதியைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "அந்த வாரந்தானுங்க அம்மிணி, மண்ணு மிக்ஸர்ல தண்ணி மீட்டர் போச்சு. அப்ப இருந்து கைப்பிடிச்சுப் பாத்துத்தானுங்க தண்ணி உடறோம்" என்றார். ஒரு பிடி மண்ணை இறுக்கி, அது உடையும் விதத்தைப் பார்த்து ஈரத்தைக் கணிப்பது பழைய மோல்டர்களுக்குக் கைவந்த கலை. அவர் செய்யும்போது சரியாகவே இருந்திருக்கிறது. இரவு ஷிப்டில் புதிய ஆட்கள் செய்தபோது ஈரம் கூடியிருக்கிறது. மீட்டர் மாற்றியபின் ஐந்து வாரத்தில் கசிவு பழைய அளவுக்கு இறங்கியது. எப்போது மாறியது என்பதைக் கணக்கு சொன்னது. ஏன் மாறியது என்பதை மேஸ்திரி சொன்னார். படிப்பில் சேர்ந்து இரண்டே மாதத்தில் இது நடந்ததால், நிர்வாகம் என் படிப்பைத் தன் காரியமாகவும் பார்க்கத் தொடங்கியது. பணியில் இருந்தபடி படிப்போருக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதிலிருந்து வருவதுதான்: அந்த வாரம் கற்றதை, அந்த வாரமே, உங்கள் சொந்த வேலையின் எண்களில் ஒருமுறை செய்து பாருங்கள். அரை நாள் கூடுதலாகச் செலவாகும். ஆனால் தேர்வுக்கு மறுபடி படிக்க வேண்டிய நேரம் மிச்சமாகும்.

அதே பாடத்தின் ரெக்ரஷன் (பல காரணிகளைக் கொண்டு ஓர் எண்ணைக் கணிக்கும் சமன்பாடு அமைத்தல்) பகுதி எனக்கு ஒரு வருத்தமான உண்மையையும் காட்டியது. அமெரிக்காவின் 47 மாநிலங்களில் 1960-இல் பதிவான குற்ற விகிதத்தைப் பதினைந்து காரணிகளைக் கொண்டு கணிக்கும் பயிற்சி அது. வெறும் 47 வரிசைகளுக்குப் பதினைந்து காரணிகளையும் திணித்தால், கையிலுள்ள தரவோடு மாடல், அதாவது அந்தச் சமன்பாடு, அழகாகப் பொருந்தும். புதிதாக ஒன்றைக் கணிக்கச் சொன்னால் நம்ப முடியாத எண்ணைக் கொடுக்கும். 2018-இல் நானே இருபது மாதத் தரவில் பன்னிரண்டு காரணிகளைப் பொருத்தி, பொருத்தம் மிக நன்று என்று நிர்வாகத்திடம் காட்டியிருந்தேன். அந்த ஆய்வு செல்லாது என்பதைப் படித்து அறிந்த மறுநாள் மேலாளரிடம் சென்று சொல்லிவிட்டேன். அதை வைத்து எந்த முடிவும் எடுக்கப்படாமல் இருந்தது நல்லதாயிற்று.

இனி வேகம் பற்றி. ஆண்டுக்கு மூன்று பருவங்கள்: ஜனவரியிலும், மே மாதத்திலும், ஆகஸ்டிலும் தொடங்குபவை. பருவத்துக்கு ஒரு பாடம் என்று தொடங்கிய நான், முதல் இரண்டு பாடங்களில் நல்ல மதிப்பெண் வந்ததும், 2021 ஆகஸ்டில் இரண்டு பாடங்களை ஒன்றாக எடுத்தேன்: ஒன்று ரெக்ரஷன், மற்றொன்று தரவைக் காட்சிப்படுத்தும் பாடம். பின்னதில் ஜாவாஸ்கிரிப்ட், ஸ்பார்க், கிளவுட் கணினி என்று ஒவ்வொரு வீட்டுப்பாடத்துக்கும் ஒரு புதுக் கருவியைக் கற்க வேண்டும். கூடவே குழுத் திட்டம் வேறு. செப்டம்பர் நடுவில் வாரத்துக்கு 28 மணி நேரம் படிப்புக்கே போனது. அக்டோபரில் ஏற்றுமதி வாடிக்கையாளர் ஒருவரின் ஆடிட் வந்தது. இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பி, மூன்று மணி வரை நிரல் எழுதி, காலை ஏழரைக்கு மீண்டும் ஆலைக்குப் போன நாட்களில், ஒருநாள் அளவுக் கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்ததற்கான காலிபரேஷன் சான்றிதழில் தேதியைத் தவறாகப் பதிந்துவிட்டேன். ஆடிட்டுக்கு முதல் நாள் சக ஊழியர் ஒருவர் கண்ணில் பட்டதால் அது திருத்தப்பட்டது. அன்று இரவே காட்சிப்படுத்தும் பாடத்தை விட்டுவிட முடிவு செய்தேன். விலகுவதற்கான கடைசி நாள் அக்டோபர் இறுதியில் இருந்தது. கட்டணம் திரும்பவில்லை, மதிப்பெண் பட்டியலில் விலகியதன் அடையாளமாக ஓர் எழுத்து விழுந்தது. அந்த எழுத்தைப் பற்றி இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அதே பாடத்தைத் தனியாக எடுத்து, அதற்கு முந்தைய விடுமுறையில் ஜாவாஸ்கிரிப்டை மட்டும் கற்றுக்கொண்டு, நிம்மதியாக முடித்தேன்.

ஆகவே வேலையும் குடும்பமும் உள்ளவர் பருவத்துக்கு ஒரு பாடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். இரண்டு ஆண்டில் முடிக்கலாம் என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து மனம் தடுமாறும். இந்தப் படிப்பை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு; அந்த அவகாசம் நம்மைப் போன்றோருக்காகவே வைக்கப்பட்டது. கோடைப் பருவம் மற்றவற்றைவிடச் சில வாரங்கள் குறைவானது என்பதால், அப்போது கணக்கு மிகுந்த பாடத்தைத் தவிர்ப்பது நல்லது. 2024 கோடையில் என் தந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பருவம் எதையும் எடுக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து ஆகஸ்டில் தொடர்ந்தேன்.

ஒரு பாடத்துக்கு எனக்குச் சராசரியாக வாரம் 14 மணி நேரம் தேவைப்பட்டது. வார நாட்களில் அதிகாலை நாலே முக்கால் முதல் ஆறே கால் வரை; சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி நேரம்; மீதி ஞாயிறன்று. இரவில் படிக்க முயன்று பலமுறை தோற்றேன். ஆலையிலிருந்து வந்த உடம்புக்குக் காணொளி தாலாட்டாகிவிடும். பீளமேட்டிலிருந்து அரசூர் போகும் கம்பெனிப் பேருந்தில் விரிவுரைகளைக் கேட்டுப் பார்த்ததும் பலன் தரவில்லை, ஏனெனில் சமன்பாட்டைக் காதால் கேட்டுப் பயனில்லை. பேருந்தில் முந்தைய நாள் எழுதிய குறிப்புகளைப் புரட்டுவது மட்டும் உதவியது. குறிப்புகளைக் கணினியில் தட்டாமல் நோட்டில் எழுதினேன். பத்துப் பாடங்களுக்கு 23 நோட்டுகள். வீட்டிலும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பருவம் தொடங்கும் நாளில் தேர்வுத் தேதிகளை எல்லாம் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்துவிடுவேன். "பரீட்சைக்கு நாலு நாளுதான கண்ணு இருக்குது, நீ போய்ப் படி" என்று என் அத்தை அடுப்படியிலிருந்து அனுப்பிவைத்த காலைகள் பல. அந்த நாட்காட்டி இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது, எனக்குக் கேட்கவும் வாய் வந்திருக்காது.

நேர வேறுபாட்டையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவில் இரவு 11:59 என்பது நமக்கு மறுநாள் காலை 9:29. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பியதும் அது 10:29 ஆகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறன்று பழைய நிலைக்குத் திரும்பும். அங்கே இரவு எட்டு மணிக்கு நடக்கும் ஐயம் தெளிதல் அமர்வு, கோடையில் நமக்கு அதிகாலை ஐந்தரை. அதிகாலையில் எழும் பழக்கத்துக்கு அது பொருந்தியது என் நல்வினை.

தேர்வுகளைக் கேமரா கண்காணிப்பில் வீட்டிலிருந்தே எழுதலாம். அறையைச் சுற்றிலும் கேமராவில் காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, பிறகு தொடங்க வேண்டும். 2022-இல் ஒரு சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குத் தேர்வைத் தொடங்கினேன். சரியாக ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று. மாதாந்தரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் மின்தடை என்று முதல் நாள் நாளிதழிலேயே அறிவிப்பு வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது, ரௌட்டர் அணைந்துவிட்டது. கைபேசி அடுத்த அறையில் இருந்தது. எடுத்து வந்து இணைத்துக்கொள்ள பதினொரு நிமிடம் பிடித்தது, தேர்வின் கடிகாரம் அதுவரை ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி இரண்டு கேள்விகளைத் தொட முடியவில்லை. அதன்பிறகு ரௌட்டருக்கென்று ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கினேன், மின்தடை அறிவிப்பைப் பார்த்த பிறகே தேர்வு நேரத்தைக் குறித்தேன், கொடுக்கப்படும் பல நாள் அவகாசத்தில் முதல் நாளிலேயே எழுதினேன்.

இன்னொன்றையும் சேர்வதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். அரசுப் பணிக்கோ, கல்லூரி ஆசிரியர் பணிக்கோ, முனைவர் பட்டத்துக்கோ இந்தப் பட்டத்தைக் காட்ட நினைப்பவர்கள், வெளிநாட்டு இணையவழிப் பட்டங்களுக்கு இந்தியாவில் உள்ள ஏற்புநிலை பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழுவின் நடப்பு விதிகளை முதலில் படியுங்கள். தனியார் துறையில் இருக்கும் எனக்கு அது தடையாக இருக்கவில்லை. எல்லாருக்கும் அப்படி இராது.

கடைசிப் பருவத்தின் செயல்முறைத் திட்டத்தைத் தாம் வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே செய்ய அனுமதி உண்டு. மண்ணின் ஈரம், களிமண் அளவு, உருக்கிய உலோகத்தின் வெப்பநிலை, ஷிப்டு ஆகியவற்றைக் கொண்டு கசிவை முன்கூட்டிக் கணிப்பதே நான் எடுத்துக்கொண்ட வேலை. மாடலுக்குச் செலவான நேரம் மூன்று வாரம். ஷிப்டுக்கு ஷிப்டு வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருந்த பதிவேடுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒன்பது வாரம். இரவு ஷிப்டின் எண்கள் பலவும் வேலை முடிந்தபின் மொத்தமாக எழுதப்பட்டவை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது மிக்ஸர் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரத்தை அளந்து, அளந்தவரே அங்கே எழுதுகிறார். கியூசம் கோடு எல்லையைத் தொடும்போது மேஸ்திரி எனக்குப் போன் செய்கிறார். பெரும்பாலும் அதற்குள் காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருப்பார்.